வாசண்ணை எனக்கு அண்ணை அல்ல

லண்டனில் கோல்ட்பிறிட்ஜ் பறோ கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவு 1994ஆம் ஆண்டு மாசி மாதம் ஒன்பதாம் திகதி எனக்கு ஒரு கடதாசி தந்தது. தந்தது என்று ஒரு சொல்லில் முடிப்பது மரியாதை அல்ல. அது ஒரு வைபவம். அதிகாரி மிஸ்டர் கார்ட்றைட் எழுந்து நின்றார். நானும் எழுந்து நின்றேன். என் மனைவி டொலறஸ் ஏழு மாதக் கர்ப்பிணி என்பதால் அவள் இருந்தபடியே பார்க்க அனுமதிக்கப்பட்டாள். கார்ட்றைட் சிவப்பு மையில் திகதி முத்திரையைக் குத்தி, காயும்வரை ஊதி, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

“இது காசு அல்ல,” என்றார். “காசு தருவோம் என்ற வாக்குறுதியும் அல்ல. தகுதியான வீடு, தகுதியான வீட்டுக்காரர், தகுதியான வாடகைக்காரர் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் காணப்படுமிடத்து, வாக்குறுதி ஒன்றைத் தருவது பற்றி யோசிக்க நாங்கள் மனம் வைத்திருக்கிறோம் என்பதன் அடையாளம்.”

பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் லலிதா, மெட்ராஸ்காரி, இதைத் தமிழில் சொல்லி முடித்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

அந்தக் கடதாசிக்கு ஆங்கிலத்தில் ஒன்றரை வரிப் பெயர் இருந்தது. நாங்கள் அதைக் கூப்பன் என்றோம். வரிசையில் நின்று அரசாங்கத்திடம் வாங்குகிற எந்தக் கடதாசியும் எங்கள் ஆட்களுக்குக் கூப்பன்தான். ஊரில் கூப்பனைக் கொண்டுபோனால் கடைக்காரன் சீனியாவது நிறுப்பான். இந்தக் கூப்பனை நீட்டினால் கோல்ட்பிறிட்ஜ் வீட்டுக்காரர்கள் கதவை நிறுத்தி நிதானமாகச் சாத்தினார்கள்.

கூப்பனுக்கு ஆயுள் இருபத்தெட்டு நாள். அதற்குள் வீடு பிடிக்காவிட்டால் நாங்கள் ‘வேண்டுமென்றே வீடற்றவர்கள்’ என்று பதியப்படுவோம். பதிந்தால் கவுன்சில் எங்களைப் போட்டிருந்த ஹோட்டல் அறையும் போய்விடும். நான்காம் மாடி, லிப்ட் ஓடாது. டொலறஸ் ஒவ்வொரு மாடிக்கும் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி ஏறுவாள்.

முதல் கிழமையில் ஒரு நுட்பம் விளங்கியது. வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதுவதற்குக் கவுன்சிலின் உறுதிக் கடிதம் கேட்டார். கவுன்சில் உறுதிக் கடிதம் தருவதற்கு ஒப்பந்தம் கேட்டது. “இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் பிரச்சினை இல்லை,” என்று கார்ட்றைட் ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் கிழமை மோர்டனுக்குப் போனேன். அங்கே செல்வரத்தினம் என்று ஒருவர், எங்கள் ஆள், மூன்று வீடு வைத்திருந்தார். தேத்தண்ணி தந்து, ஊர் விசாரித்து, எல்லாம் அன்பாகத்தான் நடந்தது. கூப்பனை எடுத்தேன்.

“கூப்பன் ஆக்களுக்கு நான் வீடு குடுக்கிறேல்லை, தம்பி.”

“அண்ணை, நீங்களும் அகதியா வந்தனீங்கள்தானே?”

“அதாலதான் சொல்லுறன். வெள்ளைக்காரனுக்கு எங்களைப்பற்றித் தெரியாது, ஏமாறுவான். எனக்குத் தெரியும்.”

இருபத்துநாலாம் நாள் வாசண்ணையிடம் போனேன். முதலாம் நாளே போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் இருந்தது.

வாசுதேவன் என்ற வாசண்ணை எழுபத்தெட்டில் படிக்க வந்தவர். தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. கலியாணம் செய்யவில்லை. கீழே அவர் இருந்தார். மேலே இரண்டு அறையும் ஒரு சின்னக் குசினியும் சும்மா கிடந்தன. சும்மா என்றும் சொல்ல முடியாது. ஒரு அறையில் விரித்த கட்டில், உடுக்க மடித்த சாரம், பிரிக்காத சவர்க்காரம். எல்லாம் அவருடைய தம்பி ஆனந்தராஜாவுக்கு. ஆனந்தன் எண்பத்தெட்டு வைகாசியில் சைக்கிளில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனவன். சைக்கிள் கிடைத்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஒரு ஏஜென்சிக்காரன், ஆனந்தன் பெயருள்ள பெடியன் ஒருத்தனை இந்த விமானத்தில் ஏற்றிவிட்டேன் என்று தகவல் சொல்ல, வாசண்ணை ஒரு குளிர்க் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹீத்ரோவுக்குப் போனார். விமானத்தில் வந்த ஒரேயொரு தமிழன் நான். என்னை வெளியே விட இமிக்கிரேஷன் ஒரு முகவரி கேட்டது. வாசண்ணை தன் முகவரியைக் கொடுத்தார். கோட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்து யோசித்துவிட்டு, “போடும் தம்பி, வெளியில குளிர்,” என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி.

அப்படிப்பட்டவரிடம் போய் அந்த அறையைக் கேட்பது எப்படி? நான் கேட்கவில்லை. கூப்பனை மேசையில் வைத்து, டொலறஸின் கால் வீங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். கேட்காமல் கேட்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்.

“மேல வந்து இருங்கோவன்,” என்றார்.

“ஆனந்தன் வந்தால்?”

“வந்தால் கீழ என்னோட படுப்பான். அவனுக்கென்ன, பாயொண்டு போட்டாச் சரி.” பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டு, “வாடகை வந்தா எனக்கும் உதவிதான் தம்பி. ஓவர்டைம் நிப்பாட்டிப்போட்டாங்கள். பேங்க்காரன் வீட்டைப் பறிக்கப்போறன் எண்டு கடிதம் போடுறான்,” என்றார்.

ஆக, கூப்பன் சரிவந்தால் அவர் வீடும் தப்பும், நாங்களும் தப்புவோம். சரிவராவிட்டால் மூன்று பேரும், பிறக்கப்போகிறதும், ஒரே நாளில் தெருவில் நிற்போம்.

குடிபுகுந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. குடிபுகுந்தோம். ஹோட்டல் அறையைத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டுக்காரர் நெருங்கிய உறவினர் என்றால் வாடகை உதவி இல்லை என்பது இன்னொரு விதி. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

கார்ட்றைட் மூன்று பென்சில்களைத் தீட்டி வைத்திருந்தார். முதல் கேள்வி சுகமானது.

“வீட்டுக்காரரை எப்படி அழைப்பீர்கள்?”

“வாசண்ணை எண்டு.”

லலிதா ஆங்கிலத்தில் சொன்னார். அதில் ‘பிறதர்’ என்று ஒரு சொல் விழுந்தது. பென்சில் நின்றது.

“பிறதர் இல்லை அம்மா, அண்ணை.”

“அதான் சார் சொன்னேன். எல்டர் பிறதர்.”

“அது மரியாதைக்குச் சொல்லுறது எண்டு சொல்லுங்கோ. உங்கட ஊரிலையும் அப்பிடித்தானே?”

“ஆமா சார், பஸ் கண்டக்டரைக்கூட அண்ணான்னுதான் சொல்லுவோம். ஆனா நான் விளக்கம் சொல்லக்கூடாது. சொன்னதை மட்டும்தான் மொழிபெயர்க்கணும்னு ட்ரெயினிங்ல சொல்லிருக்காங்க.”

“அப்ப நான் விளக்கிறன். நீங்கள் அதை மொழிபெயருங்கோ.”

“தாராளமா சார்.”

எங்கள் ஆட்களில் வயதுக்கு மூத்த ஆண் எல்லாரும் அண்ணை என்று விளக்கினேன். கார்ட்றைட் கவனமாகக் கேட்டார். லண்டனில் எனக்கு அப்படி எத்தனை அண்ணைமார் என்று கேட்டார். பொய் சொல்லக்கூடாது என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

“ஒரு அம்பது வரும்.”

“ஐம்பது சகோதரர்களை உடைய ஒருவர்,” என்றார் கார்ட்றைட் மெதுவாக, “எந்த அடிப்படையில் தன்னை வீடற்றவர் என்று சொல்கிறார் என்பதை நான் விளங்கிக்கொள்ள முயல்கிறேன்.”

அடுத்து டொலறஸ். அவள் வீட்டுக்காரரை எப்படி அழைப்பாள்?

“அண்ணை எண்டுதான்,” என்றாள் டொலறஸ். “வேற எப்பிடிக் கூப்பிடுறது?”

கார்ட்றைட் ஒரு தாளில் மூன்று பெட்டி கீறினார். வீட்டுக்காரர் எனக்கு அண்ணன்: ஒரு கோடு. வீட்டுக்காரர் அவளுக்கும் அண்ணன்: இன்னொரு கோடு. பிறகு எங்கள் இரண்டு பெட்டிகளையும் இணைக்கப் போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். பென்சிலை மிகவும் மெதுவாகக் கீழே வைத்தார்.

“இது என் பிரிவுக்குரிய விடயம் அல்ல,” என்றார்.

அதைத் தெளிவுபடுத்த முக்கால் மணித்தியாலம் போனது. கணவனும் மனைவியும் என்பதற்கு ஆதாரமாக, மனைவி கணவனை என்ன பெயர் சொல்லி அழைப்பாள் என்று கேட்டார். டொலறஸ் வெட்கப்பட்டாள். இரண்டாம் முறை கேட்டபோது, “இஞ்சருங்கோ எண்டு,” என்றாள்.

“அது பேரா சார்?” என்று லலிதா என்னைக் கேட்டார். அது பெயர் இல்லை, கூப்பிடுகிற சொல் என்றேன். மொழிபெயர்க்க முடியாத சொல்லை அப்படியே சொல்லவேண்டும் என்பதும் ட்ரெயினிங்கில் இருந்தது. கார்ட்றைட் எழுத்துக் கேட்டு எழுதினார்: மிஸ்டர் இன்ஜருங்கோ. அந்த வீட்டில் வசிக்கும் நாலாவது ஆள்.

வீட்டுக்காரரை எப்படி அறிமுகம் என்றபோது ஹீத்ரோக் கதையைச் சொன்னேன். எங்களுக்குள் இரத்த உறவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை என்று நினைத்தேன். கார்ட்றைட் திருப்பி வாசித்தார்:

“அவர் தம்பியைக் கூட்டிச் செல்ல விமான நிலையம் வந்தார். உங்களைக் கூட்டிச் சென்றார். தம்பி என்று அழைத்தார். தம்பிக்கு வாங்கிய கோட்டைத் தந்தார். இப்போது தம்பிக்கு ஒதுக்கிய அறையில் இருக்கிறீர்கள்.” தலையை நிமிர்த்தினார். “மிஸ்டர் யாக்கோப்பு, நீங்கள்தான் அந்தத் தம்பியா?”

“ஐயோ, அவர் சைவம். நான் கத்தோலிக்கன்.”

“என் தங்கை புத்த மதத்தில் சேர்ந்தாள். அதனால் என் தங்கை இல்லாமல் போய்விடவில்லை.”

“பேரே வேற.”

“உங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று இந்தப் பிரிவு அறியும். தவிரவும், நீங்கள் வந்த பாஸ்போட்டில் அப்துல் கபூர் என்றிருந்தது.”

பிறப்புச் சான்றிதழ் எங்கள் ஊர் அடம்பனில் வீட்டோடு எரிந்தது என்றேன். எரிந்ததற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்.

கடைசியில் அவர் ஒரே வரியில் பதில் வேண்டினார். சொன்னேன்: “அவர் எனக்கு அண்ணை இல்லை.” லலிதா ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தார். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கீழ்க்கதவைத் திறந்தபோது வாசண்ணை, “என்ன தம்பி, காயா பழமா?” என்று கேட்க, செருப்பைக் கழற்றுகிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

சித்திரையில் மகள் பிறந்தாள். வைகாசியில் கார்ட்றைட் லலிதாவோடு வீடு பார்க்க வந்தார். நெருங்கிய உறவில்லாவிட்டாலும், வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் வியாபாரம் தவிர வேறேதும் இருந்தால் உதவி இல்லை என்பது சட்டம். அவருடைய படிவத்தில் அதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது: பாசத்தின் அறிகுறிகள்.

மேலே குசினியில் வாசண்ணையின் கறிச்சட்டி இருந்தது. அவர் முதல்நாள் மீன் குழம்பு அனுப்பியிருந்தார். நாங்கள் பால்புட்டு வைத்துத் திருப்பி அனுப்ப இருந்தோம். வெறும் சட்டியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது டொலறஸின் கொள்கை. எங்கள் ஆட்களின் வழக்கப்படி சட்டியின் அடியில் சொந்தக்காரரின் பெயரின் முதல் எழுத்து பொளியப்பட்டிருந்தது. கார்ட்றைட் சட்டியைக் கவிழ்த்தார்.

“இது என்ன எழுத்து?”

“வா,” என்றார் லலிதா.

“பொருள்?”

லலிதா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆனால் அவருக்கு வேலை இருந்தது. “‘வருக’ என்று பொருள்,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கார்ட்றைட் எழுதினார்: வாடகைக்காரரின் குசினியில் வீட்டுக்காரருடைய பாத்திரம் ஒன்று காணப்பட்டது. அதில் வரவேற்பு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது.

போகும்போது மிஸ்டர் இன்ஜருங்கோ எங்கே என்று கேட்டார். டொலறஸ் உள்ளேயிருந்து, “இஞ்சருங்கோ, பிள்ளையைப் பிடியுங்கோ!” என்று கத்தினாள். “ஆக, வீட்டில்தான் இருக்கிறார்,” என்று குறித்துக்கொண்டு போனார்.

ஆனியில் மறுப்புக் கடிதம் வந்தது. ஆடியில் மேன்முறையீட்டுச் சபை.

சபையில் மூன்று கவுன்சிலர்கள். நடுவில் தலைவி, முத்து மாலை போட்ட அம்மா. இடப்பக்கத்தவர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்தவர் கண்மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை சிந்தனை சத்தமாக வந்தது. தலைவி தொடக்க உரை ஆற்றினார்.

“இந்தச் சபை அன்புக்கு எதிரானது அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்த விரும்புகிறேன். அன்பு இருக்கிற இடத்தில் அரசாங்கம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே எங்கள் கொள்கை. சொந்தச் சகோதரனோடு நான் பதினாறு வருடமாகக் கதைப்பதில்லை. அவனுக்கு ஒரு வீடு தேவைப்பட்டால் கவுன்சில் நிச்சயம் உதவும். இதே நீதியைத்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறோம்.”

வாசண்ணையைக் கூப்பிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்க, தலைவி தடுத்தார்: சபை எல்லோரையும் சமமாக நடத்தவேண்டியிருப்பதால், தயவுசெய்து உங்கள் மொழியில் கதையுங்கள்.

“இவர் வாடகை தராவிட்டால் வெளியேற்றுவீர்களா?”

“கைப்பிள்ளையோட இருக்கிற ஆக்களை எப்பிடி எழுப்பிறது?”

லலிதா மொழிபெயர்த்தார். தலைவி பெருமூச்சு விட்டார். பிஸ்கட்காரர்கூட நிமிர்ந்து, இப்படி ஒரு பதிலா என்று கவலையோடு பார்த்தார். நான் மேசைக்குக் கீழால் வாசண்ணையின் காலை மிதித்தேன்.

“எழுப்புவன், எழுப்புவன்,” என்றார் வாசண்ணை. நாற்பத்தாறு வயதில் அவர் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கவேண்டும். அவ்வளவு மோசமாகச் சொன்னார்.

தலைவி கோப்பைப் புரட்டினார். “இந்த விடயம் ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது. உங்கள் தம்பி ஆனந்தராஜா வேறு, இவர் வேறு என்று நிரூபித்தால் போதும். ஆனந்தராஜா எங்கே?”

“தெரியாது.”

படிவம் பதினாலு மேசையில் வைக்கப்பட்டது. அதில் இரண்டு கட்டம். சகோதரர் உயிரோடு இருக்கிறார் என்றால் முகவரி எழுதவேண்டும். காலமானார் என்றால் திகதி எழுதவேண்டும்.

“தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லையா?” என்று நான் கேட்டேன்.

“அப்படி ஒரு கட்டம் வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதலாம்,” என்றார் கார்ட்றைட். “பதினெட்டு மாதத்தில் பதில் வரும்.”

“மரணச் சான்றிதழும் கேட்கமாட்டோம்,” என்றார் தலைவி கருணையோடு. “உங்கள் நாட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். சகோதரரின் சொல்லே போதும். பதினைந்து நிமிட இடைவேளை.”

வெளியே நடையில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். வாசண்ணை நடுவில் இருந்தார். படிவம் என் மடியில், கோப்பின் மேல் இருந்தது. பேங்க்காரனின் கடைசிக் கடிதம் வாசண்ணையின் சட்டைப் பையில் இருந்தது எனக்குத் தெரியும். டொலறஸ் வீட்டில், மூன்றாம் மாத ஊசி போட்டுக் காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு இருந்தாள். அதுவும் தெரியும்.

“கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்,” என்றார் வாசண்ணை.

“நான் நிரப்பிறன், அண்ணை.”

அவர் படிவத்தின் பக்கம் திரும்பாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தார். நான் சொன்னேன். இந்த வழக்கில் நான் சொன்னவற்றில் இதை மட்டும்தான் யாரும் மொழிபெயர்க்கவில்லை:

“இது சும்மா ஒரு கடதாசிதானே, அண்ணை.”

லலிதா சுவரோடு சாய்ந்து நின்றவர், நிமிர்ந்தார். “நான் இப்ப ட்யூட்டில இல்ல சார்,” என்றார். “வேணாம் சார். அவரைக் கையெழுத்துப் போட வைக்காதீங்க.”

நாலு மாதமாக விளக்கம் சொல்ல மறுத்த பெண், விதியை மீறி ஒரேயொரு விளக்கம் சொன்னார். அது எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காத மாதிரி இருந்தேன்.

காலமானார் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். பக்கத்தில் திகதிக் கட்டம்: நாள், மாதம், ஆண்டு. வெறுமையாக விடக்கூடாது என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. என் மூளையில் ஒரு திகதியும் வரவில்லை. கண்ணுக்கு எதிரே கோப்பின் மேல் கூப்பன் இருந்தது. அதில் சிவப்பு மையில் 09-02. நாளையும் மாதத்தையும் பார்த்து எழுதினேன். ஆண்டை மட்டும் எண்பத்தொன்பது ஆக்கினேன். காணாமல்போன பிறகு ஒன்பது மாதம். நம்பக்கூடிய மாதிரி இருந்தது.

வாசண்ணை திகதியைக் கேட்கவில்லை. நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சபை கூடியது. தலைவி படிவத்தை வாசித்து முகம் மலர்ந்தார். “உங்கள் தம்பியின் மறைவு குறித்து இந்தச் சபை தன் ஆழ்ந்த திருப்தியை… வருத்தத்தைத் தெரிவிக்கிறது,” என்றார்.

ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. நான் ஒரு பிரகடனத்தில் மூன்று பிரதிகளில் ஒப்பமிடவேண்டும். ஒப்பமிடுமுன் விளங்கித்தான் இடுகிறேன் என்பதற்காக, என் மொழியில் உரக்க வாசிக்கவேண்டும். லலிதா தமிழில் எழுதித் தந்தார். அவர் கையெழுத்து அழகாக இருந்தது. வாசண்ணை என் பக்கத்தில்தான் இருந்தார். எழுந்து நின்று வாசித்தேன்:

“வாசுதேவன் என்பவர் எனக்கு அண்ணை அல்ல. அவருக்கும் எனக்கும் வாடகை தவிர்ந்த உறவோ, பாசமோ, கடப்பாடோ இல்லை. நான் வாடகை தவறினால் அவர் என்னை வெளியேற்றுவார் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.”

வலப்பக்கத்துக் கவுன்சிலர் கண்ணைத் திறந்து கைதட்டினார்.

வீட்டில் டொலறஸ் எல்லாவற்றையும் கேட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “இராயப்பர் யேசு ஆண்டவரைத் தெரியாதெண்டு மூண்டு தரம் மறுதலிச்சவர். சேவல் கூவினாப்பிறகு விக்கி விக்கி அழுதவர். நீங்கள் அண்டைக்கு விசாரணையில ஒருக்கா, இண்டைக்கு ஒருக்கா. ரெண்டோட நிப்பாட்டுங்கோ.”

“வீடு கிடைச்சிருக்குதுதானே?”

“ஓம். கிடைச்சிருக்குது,” என்றாள். அதில் சந்தோசம் இருந்ததா என்று எந்தச் சபையாலும் தீர்ப்புச் சொல்ல ஏலாது.

உதவி ஒழுங்காக வந்தது. பேங்க் கடிதம் போடுவதை நிறுத்தியது. வாசண்ணை மேலே வந்து, ஆனந்தனின் சாரத்தையும் சவர்க்காரத்தையும் ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டுபோனார். கோபம் இல்லை, சண்டை இல்லை. என்னை மட்டும் “யாக்கோப்பு” என்று கூப்பிடத் தொடங்கினார். சட்டி ஏறி இறங்குவது நின்றது. கார்ட்றைட் திடீரென்று வரக்கூடும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அது வசதியான காரணம்.

கவுன்சில் மிஸ்டர் இன்ஜருங்கோவை மறக்கவில்லை. அவருடைய பங்கு வாடகை எங்கே, அவருக்கு வேலை உண்டா, வாக்காளர் பட்டியலில் ஏன் இல்லை என்று மாதம் ஒரு கடிதம் வந்தது. அப்படி ஒருவர் இல்லை என்று எழுதினேன். இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். இல்லாத இன்ஜருங்கோவை இல்லாமல் ஆக்க எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. இருந்த ஆனந்தனுக்குப் பதினைந்து நிமிடம் போதுமாக இருந்தது.

அடுத்த ஆண்டு தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை வாசண்ணை மேலே ஏறி வந்தார். ஆனந்தனின் சாமானை எடுத்துப்போன பிறகு அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பழைய கடித உறையும் பேனையும்.

“யாக்கோப்பு, அண்டைக்கு அந்தப் போமில என்ன திகதி போட்டனீர்?”

“ஏன் அண்ணை?”

“ஐயர் திகதி கேக்கிறார். திகதி சொன்னால் பஞ்சாங்கம் பாத்துத் திதி எடுத்துத் தருவாராம். இவ்வளவு காலமும் திகதி இல்லாமத்தானே நான் அவனுக்கு ஒண்டும் செய்யேல்லை. கையெழுத்தும் வைச்சாச்சு. இனிச் செய்யாமல் விடுறது சரியில்லை.”

“எண்பத்தொன்பது… மாசி ஒன்பது,” என்றேன். “ஆனா அண்ணை, அது நான் சும்மா…”

“தெரியும்.” உறையில் எழுதினார். எழுதிவிட்டு அந்தத் திகதியையே பார்த்துக்கொண்டு நின்றார். “எத்தினையோ திகதி இருக்கேக்க உமக்கு ஏன் இது மனசில வந்தது? நானும் யோசிச்சுப் பாத்தன். ஏதோ ஒண்டு உமக்குள்ள நிண்டு சொல்லியிருக்குது. என்ன?”

மேசை லாச்சிக்குள் கூப்பன் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அவர் முகம் அத்தனை மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்திருந்தது.

“ஓம் அண்ணை,” என்றேன். “ஏதோ சொன்ன மாதிரித்தான் இருந்தது.”

திவசம் கீழ் வீட்டு ஹோலில் நடந்தது. ஐயர் லூயிஷாமிலிருந்து ரயிலில் வந்து, புகை அலாரத்தைத் துணியால் கட்டச் சொல்லிவிட்டுத் தொடங்கினார். வாசண்ணை வேட்டியோடு நிலத்தில் இருந்தார். பருப்பும் வாழைக்காய்க் கறியும் பாயாசமும் சமைத்து இறக்கப்பட்டிருந்தன. பாயாசம் அந்த வா எழுத்துச் சட்டியில் இருந்தது. டொலறஸ் பிள்ளையோடு வாசலில் நின்றாள். நான் சுவரோடு ஒதுங்கி, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு நின்றேன்.

ஐயர் ஆனந்தராஜாவின் பெயரைச் சொன்னார். திதியைச் சொன்னார். அது உலகத்தில் இரண்டு இடத்தில் மட்டும் பதிவான நாள்: ஐயரின் கொப்பியிலும் கவுன்சிலின் கோப்பிலும். எள்ளும் தண்ணீரும் விடவேண்டிய நேரம் வந்தபோது ஐயர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இவர் ஆர்? சகோதரமோ? சகோதரமெண்டால் வந்து பக்கத்தில இருக்கலாம்.”

வாசண்ணை திரும்பினார். என்னைப் பார்த்தார். கேள்வியை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கக்கூடிய அளவு இடம் விட்டார்.

தெருப்பக்க ஜன்னலால் யாரோ போகிற நிழல் விழுந்தது. கார்ட்றைட்டாக இருக்க வழியில்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் என் வாய் பழகிவிட்டது.

“இல்லை ஐயா,” என்றேன். “நான் மேல வாடகைக்கு இருக்கிறனான்.”

வாசண்ணை திரும்பித் தனியாக எள்ளும் தண்ணீரும் விட்டார். வாசலில் டொலறஸ் பிள்ளையின் தலையைத் தன் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

சேவல் ஒன்றும் கூவவில்லை. கோல்ட்பிறிட்ஜில் சேவல் வளர்க்கக் கவுன்சில் அனுமதிப்பதில்லை.